உளி வழுக்கிய இடம்

பொலிஸ் நிலையத்தின் முன்மேசையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளான உங்களில் ஒருவர் போன மாதம் பயிற்சி வகுப்பில் என்னிடம் கேட்டார். "படிவம் இருக்குது, வழிகாட்டிப் புத்தகம் இருக்குது, மேலை அதிகாரி இருக்கிறார். சீருடை இல்லாத எங்களுக்கு யோசிச்சு முடிவெடுக்க என்ன இருக்குது அக்கா?" அன்று சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சட்டப் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் வாயைத்தான் பார்க்கிறார். நீங்கள் சொல்வதுதான் அவருக்குச் சட்டம். இதை நான் ஒரு மனிதரிடம் பிழையாகச் சொல்லித்தான் கற்றுக்கொண்டேன். அதை இவ்வளவு காலமும் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கிழக்கு லண்டனில் ஒரு நிலையத்தின் முன்மேசையில் இருந்தேன். அங்கே தமிழர் என்று நான் ஒருத்திதான். துப்பாக்கி அனுமதிப்பத்திரக் கோப்புகளும் என் பொறுப்பில் இருந்தன. அது பெரிய வேலை இல்லை. புதுப்பிப்பதும் விலாசம் மாற்றுவதும்தான். கோப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் சனிக்கிழமைகளில் கழகத்துக்குப் போய்க் காகித இலக்கில் சுடும் அமைதியான மனிதர்கள்.

பிறகு ஸ்கொட்லாந்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் அனுமதி பெற்ற கைத்துப்பாக்கிகளோடு நுழைந்தான். அங்கே நடந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தச் செய்தி வந்த நாளில் என் மகனுக்கு ஐந்து வயது. இறந்த பிள்ளைகளும் அதே வயதுதான். அடுத்த நாள் காலை மகனை விடப் போனபோது, பள்ளிக்கூடக் கேற்றின் கொளுக்கி ஏன் வெளியிலிருந்து திறக்கிறது என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். அவர் என்னை இருத்தித் தேநீர் தந்தார். அடுத்த கிழமையும் போய் அதையே கேட்டேன். அதற்கடுத்த கிழமை தேநீர் இல்லை. வேலையில், எனக்குப் பின்னால் இருந்த கோப்பு அலுமாரியைப் பார்க்கவே பிடிக்காமல் போனது. அதில் இருந்த ஒவ்வொரு பெயரும் எனக்கு அந்த ஸ்கொட்லாந்துக்காரனாகத் தெரிந்தது. இன்று மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவன் தொலைபேசியை எடுக்கப் பிந்தினால் இன்றும் எடுக்கும்வரை அழைத்துக்கொண்டே இருப்பேன். அந்தப் பயம் போகவே இல்லை. ஆனால் அதை வேலை மேசைக்குக் கொண்டுபோனது என் பிழை.

அடுத்த ஆண்டு, தொண்ணூற்றேழில், சட்டம் வந்தது. அதுவரை அனுமதியோடு வைத்திருந்த கைத்துப்பாக்கிகளை இனி வைத்திருக்க முடியாது. சிலவகைத் துப்பாக்கிச் சன்னங்களும் தடை. குறித்த திகதிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியோடு சேர்ந்த தோல் உறை, பெட்டி, கைபிடி போன்ற உபகரணங்களை உரியவர் விரும்பினால் சேர்த்து ஒப்படைக்கலாம். விரும்பாவிட்டால் வீட்டில் வைத்திருக்கலாம், குற்றமில்லை. எது தடை, எது தடை இல்லை என்று புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தது. அந்தப் புத்தகம் எப்போதும் என் முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது.

வந்தவர்களில் சிலர் கத்தினார்கள். "முப்பது வருசமாக நான் யாருக்கு என்ன செய்தேன்?" என்று ஒருவர் கண்ணாடியில் கைவைத்துக் கேட்டார். ஒரு பெரியவர் துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக் கொண்டுவந்து, உடைக்கப்போகிறவர்கள் கையில் அழுக்குப் படக்கூடாது என்றார். எங்கள் மேற்பார்வையாளர், ஓய்வு பெற ஒரு வருடமே இருந்த ஆங்கிலேயப் பெண்மணி, எல்லாரையும் ஒரே குரலில் "உட்காருங்கள், அவசரமில்லை" என்றுதான் வரவேற்பார். எனக்கு அவசரம் இருந்தது. அந்த இரும்பெல்லாம் எவ்வளவு சீக்கிரம் லொறியில் ஏறிப் போகுமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

ஒப்படைக்க வருபவர்களின் பட்டியலில் ஒரு நாள் சூசைப்பிள்ளை என்ற பெயரைக் கண்டேன். விலாசம் வால்தம்ஸ்டோ. அந்தக் கோப்பு அதுவரை என் கைக்கு வந்ததில்லை.

அவரை நாங்கள் மாஸ்டர் என்போம். எழுபதுகளிலேயே லண்டனுக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே ஒரு இயந்திரம் அவருடைய வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டது. சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் பழக்கினார். மூன்று விரல்களால் சோக்கட்டியைப் பிடித்து அவர் எழுதும் எழுத்து அச்சுப் போல இருக்கும். என் மகனும் அவருடைய வகுப்பில்தான் இருந்தான்.

என் பிள்ளைக்கு அரிவரி சொல்லிக் கொடுக்கும் மனிதர், வகுப்பு முடிந்து மத்தியானம் துப்பாக்கி சுடப் போகிறார். கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினைந்து வருட அனுமதிப்பத்திரம், ஒரு குறை இல்லை. அது என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஸ்கொட்லாந்துக்காரனும் அனுமதி பெற்றவன்தானே என்று நினைத்தேன். அந்தச் சனியும் அதற்கடுத்த சனியும் மகனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி வகுப்புக்கு அனுப்பவில்லை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை காலை மாஸ்டருக்கு நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. அவருக்குச் சற்று முன்னால் ஒரு ஆங்கிலேயர் வந்து துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, அதன் தோல் உறையைத் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "தாராளமாக" என்று சொல்லி அனுப்பினேன். இதை நினைவில் வைத்திருங்கள். புத்தகத்தைத் திறந்து பார்க்க எனக்குத் தெரிந்திருந்தது.

மாஸ்டர் கோட்டுப் போட்டு, கழுத்தில் ரை கட்டி, பூட்டிய சிறு பெட்டியோடு வந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, நீர் இங்கையோ வேலை? நல்லது பிள்ளை, நல்லது. மகனுக்குக் காய்ச்சல் மாறிட்டுதோ? ரெண்டு சனி வரேல்லை. ழகரம் எழுதிற பாடம் விட்டிட்டான். நான் தனியச் சொல்லிக் குடுக்கிறன், யோசிக்காதையும்."

எனக்கு முகம் சுட்டது. பக்கத்து மேசையில் இருந்த இளம் பொலிஸ்காரன் தமிழைக் கேட்டுச் சிரித்தான். "என்ன, உன் மாமாவா? அப்படியென்றால் பிஸ்கட்டும் கொடுக்க வேண்டுமே!"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் தன் ஆட்களுக்குச் சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சுக்கு நான் எப்போதும் பயந்தவள். உங்களுக்கும் இந்தப் பயம் வரும். அது வந்தால் நாங்கள் எங்கள் ஆட்களிடம் மற்றவர்களிடம் இருப்பதைவிடக் கடுமையாக இருப்போம். அதுவும் ஓரவஞ்சனைதான் என்று அன்று எனக்குப் புரியவில்லை. நான் மாஸ்டருக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். "காலை வணக்கம், சேர். பெட்டியைத் திறவுங்கள்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். வெறுமையாக்கிய துப்பாக்கியை அதிகாரி ஒருவர் பரிசோதித்து மேசையில் வைத்தார். அதன் கைபிடியில் கரும்பழுப்பு நிற மரம் பொருத்தியிருந்தது, விநோதமான வடிவத்தில், ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் குழிந்து. மாஸ்டர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னத் திருகாணி முடுக்கியை எடுத்தார். இவ்வளவு நேரமும் கையில் பிடித்திருந்திருக்க வேண்டும், அது வேர்த்திருந்தது.

"பிள்ளை, இந்தக் கைபிடி மரத்தை மட்டும் கழட்டிக்கொண்டு போக ஏலுமோ? ஒரு ஆணிதான். ஒரு நிமிசம் பிடிக்காது."

"இல்லை சேர். எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும்." இதுவும் ஆங்கிலத்தில்.

"எல்லாமோ?"

"எல்லாம்."

"சட்டத்திலை அப்பிடியோ இருக்குது?"

புத்தகம் முழங்கையில் இடித்துக்கொண்டு கிடந்தது. பொலிஸ்காரன் இன்னும் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். "ஓம்" என்று தலையை ஆட்டினேன்.

"சட்டமெண்டால் சரி" என்று முடுக்கியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

நான் பற்றுச்சீட்டை எழுதினேன். கைத்துப்பாக்கி ஒன்று. மரக் கைபிடி, ஒரு சோடி, பழையது, கீறல் விழுந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். கடைசி வரியில் விரலை வைத்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். மாஸ்டர் சீட்டை மடித்து உட்பைக்குள் வைத்துக்கொண்டு, "போட்டு வாறன் பிள்ளை" என்றார். நான் அடுத்தவரை அழைத்தேன்.

அந்த முடுக்கி என் மனதில் குத்திக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து அதை எடுத்து வந்தவர், அந்த மரத்தைக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்தோடுதானே வந்திருப்பார்? புதன்கிழமை பின்னேரம் யாரும் இல்லாத நேரத்தில் புத்தகத்தைத் திறந்தேன். உறைக்காகப் பார்த்த அதே பக்கம்தான். மூன்று வரி கீழே இருந்தது. கைபிடிகளை உரியவர் வைத்துக்கொள்ளலாம்.

நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். அன்று யாருக்கும் சொல்லவில்லை. வியாழக்கிழமையும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஒரு மரத்துண்டுதானே என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இந்த இடத்தைப் பற்றித்தான். பிழை விடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், விடுவீர்கள். ஆனால் செவ்வாயன்று விட்ட பிழை புதன் பின்னேரம்கூடத் திருத்தக்கூடியதாகவே இருந்தது. துப்பாக்கியையும் மரத்தையும் போட்டுக் கட்டிய பை எங்கள் கட்டடத்திலேயே, இரண்டு கதவுகளுக்கு அப்பால், என் கையெழுத்தோடு கிடந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை. மேற்பார்வையாளரின் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "உறைக்குப் புத்தகத்தைப் பார்த்தாய். இதற்கு ஏன் பார்க்கவில்லை?" என்று மட்டும் கேட்டார்.

"அவர் எங்கள் ஆள் என்பதால்" என்றேன். சொல்லும்போதுதான் அது எனக்கே விளங்கியது.

அவர் தொலைபேசியை எடுத்தார். லொறி அன்று காலையில்தான் போயிருந்தது. மூன்று இடங்களுக்கு அழைத்தார். கடைசியாக ஒருவர் பை இலக்கத்தைக் கேட்டுத் தேடிவிட்டு வந்து சொன்னார். பைகளைப் பிரித்துவிட்டார்களாம். இரும்பு உருக்கப் போய்விட்டது. மரத்தையும் பிளாஸ்டிக்கையும் வந்தவுடனேயே எரித்துவிடுவார்களாம்.

"திங்கட்கிழமை நான் மன்னிப்புக் கடிதம் அனுப்புவேன்" என்றார் மேற்பார்வையாளர். "அது போய்ச் சேரும் முன் அவர் உன் வாயால் கேட்கவேண்டும். அவருடைய மொழியில்."

ஞாயிற்றுக்கிழமை வால்தம்ஸ்டோவுக்குப் போனேன். மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்தார். "வாங்கோ பிள்ளை, உள்ளுக்கை வாங்கோ. மழையிலை நனைஞ்சு போனியள்." மாஸ்டர் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் மாதா சுரூபத்துக்குக் கீழே ஒரு இளைஞனின் படம். படச் சட்டகத்தின் மூலையில் என் பற்றுச்சீட்டு செருகியிருந்தது. என் கையெழுத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன். தேத்தண்ணி வரும்வரை காத்திருந்தால் எனக்குத் துணிவு போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன்.

"மாஸ்டர், நான் உங்களுக்குப் பிழை சொல்லிப்போட்டன். சட்டத்திலை அப்பிடி இல்லை. அந்த மரத்தை நீங்கள் கழட்டிக்கொண்டு வந்திருக்கலாம்."

அவர் பேனையை மூடி வைத்தார். "அப்ப, நான் நாளைக்கு வந்து எடுக்கலாமோ?"

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"இல்லை மாஸ்டர். எரிச்சுப்போட்டினம்."

மாஸ்டரின் மனைவி கையில் இருந்த தட்டத்தோடு கதிரையில் அமர்ந்தார். பிறகு அவர்தான், என்னைப் பார்க்காமல், படத்தைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

"அது எங்கடை ஜெரோம் செய்தது பிள்ளை. பள்ளிக்கூடத்துத் தச்சு வகுப்பிலை. இவருக்கு ரெண்டு விரல் இல்லாதபடியால் கடையிலை விக்கிற கைபிடி ஒண்டும் பிடிபடாது. அவன் என்ன செய்தவன் தெரியுமோ? நான் ரொட்டிக்குக் குழைச்ச மாவைத் தூக்கிக்கொண்டு போய், இவரின்ரை கையிலை வைச்சு, 'அப்பா, இறுக்கி அமத்துங்கோ' எண்டு அமத்துவிச்சு, அந்த அச்சைப் பார்த்துப் பார்த்துச் செதுக்கினவன். அண்டைக்கு எங்களுக்கு ரொட்டி இல்லை."

"சுடுற துவக்குக்கு எண்டு சொன்னால் வாத்தியார் விடமாட்டார்தானே" என்றார் மாஸ்டர். "மரம் அரியிற வாளுக்குக் கைபிடி எண்டு பொய் சொல்லிப்போட்டான்."

"அந்த மனுசன் இவ்வளவு வடிவான வாள் கைபிடி தான் வாழ்க்கையிலை காணேல்லை எண்டு முதல் பரிசு குடுத்தவர்!" மனைவி சிரித்தார். சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார்.

ஜெரோம் பத்தொன்பது வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். ஐந்து வருடமாகிறது என்றார்கள். நான் தமிழ் வகுப்புக்கு மகனைக் கொண்டுவரத் தொடங்கியதற்கு முன்பே அது நடந்திருந்தது. மாஸ்டர் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

"ஏன் மாஸ்டர் அண்டைக்கு எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீர் கேக்கேல்லையே பிள்ளை." அவர் கோபப்படாமல் சொன்னார். "ஏன் அந்த மரம் வேணுமெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அந்தப் பெடியனும் பக்கத்திலை சிரிச்சுக்கொண்டு இருந்தவன். மகன்ரை கதையை அதிலை வைச்சுச் சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

கொப்பிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, "துவக்கு போனதிலை எனக்குக் கவலை இல்லை" என்றார். "அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை படத்தைப் பேப்பரிலை பார்த்த அண்டையோடை நான் கழகத்துக்குப் போறதை விட்டிட்டன். சட்டம் வந்த அண்டைக்கே உங்கடை ஸ்டேசனுக்குப் போன் பண்ணி, எப்ப கொண்டுவரலாம் எண்டு கேட்டனான். துவக்கை எடுக்கட்டும், உருக்கட்டும். மரம் ஆரைச் சுடப் போகுது?"

அப்போதுதான் மற்றதையும் சொன்னேன். "மகனுக்குக் காய்ச்சல் எண்டது பொய் மாஸ்டர். உங்கடை பெயரைக் கோப்பிலை பார்த்துப்போட்டு, பயத்திலை நான்தான் மறிச்சனான்."

"தெரியும் பிள்ளை."

"தெரியுமோ?"

"ரெண்டு கிழமைக் காய்ச்சலுக்கு எந்தத் தாயும் கொப்பி வாங்க வராமல் இருக்க மாட்டா. எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது. பயம் எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து போய்ப் படத்தின் மூலையிலிருந்த பற்றுச்சீட்டை எடுத்து வந்தார். மேசையில் விரித்து, அன்று நிலையத்தில் விரலை வைத்த அதே வரியில் விரலை வைத்தார்.

"இப்ப எங்களிட்டை இருக்கிறது இதுதான். அதிலை நீர் 'கீறல் விழுந்தது' எண்டு எழுதியிருக்கிறீர். அது கீறல் இல்லை. பெருவிரல் படுகிற இடத்திலை அவனுக்கு உளி வழுக்கிப்போட்டுது. அரத்தாளாலை தேய்ச்சு எடுக்கிறன் அப்பா எண்டு நிண்டவன். நான்தான் விடேல்லை. சுடேக்கை என்ரை பெருவிரல் அதிலைதான் போய் இருக்கும்." பிறகு, "இதை மாத்தி எழுத ஏலுமோ?" என்று கேட்டார்.

செவ்வாயன்று திருகாணி முடுக்கியோடு கேட்ட அதே குரல்.

கையெழுத்திட்டுக் கொடுத்த பற்றுச்சீட்டில் எதையும் மாற்றக்கூடாது. முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது அது. உங்களுக்கும் அதைத்தான் நான் சொல்ல வேண்டும். இந்தமுறை விதி என்னவென்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

பேனையை வாங்கி, 'பழையது, கீறல் விழுந்தது' என்பதை ஒரு கோட்டால் வெட்டினேன். அதற்கு மேலே ஆங்கிலத்தில், 'கையால் செய்தது, மகன் செய்தது' என்று எழுதினேன். பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்துகளையும் அன்றைய திகதியையும் போட்டேன். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "இப்ப சரி" என்று சொல்லிச் சீட்டை மனைவியிடம் கொடுத்தார். அவர் அதைத் திரும்பவும் படத்தின் மூலையில் செருகினார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் செய்ததை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் என் கோப்பில் ஒரு எச்சரிக்கை எழுதினார். எழுதி முடித்ததும் எனக்குக் கை கொடுத்தார். வேலையை விட்டு வரும்வரை, முன்மேசைக்கு எதைக் கொண்டுவந்தவரிடமும் சீட்டு எழுதும் முன் நான் ஒரு கேள்வி கேட்டேன். "இதில் நீங்கள் வைத்துக்கொள்ள விரும்புவது ஏதாவது இருக்கிறதா?" பெரும்பாலானோர் இல்லை என்றுதான் சொன்னார்கள். கேட்பதற்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகனை வகுப்புக்குக் கூட்டிப்போனேன். மாஸ்டர் அவனைப் பக்கத்தில் இருத்தி, அவன் கைக்கு மேல் தன் மூன்று விரல் கையை வைத்து, விட்டுப்போன ழகரத்தை எழுதுவித்தார். நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பற்றுச்சீட்டின் நிலையப் பிரதியை நான் தொடவில்லை. அது எங்காவது ஒரு பெட்டியில் இருந்தால், அதில் இன்னமும் 'பழையது, கீறல் விழுந்தது' என்றுதான் இருக்கும்.